செத்த காலேஜும் உயிர் காலேஜும்

1976 கோடை விடுமுறையில் தாத்தா என்னைப் பட்டணத்துக்குக் கூட்டி வந்தார். திண்டிவனத்தில் ரயிலேறும்போதே சொல்லிவிட்டார்: "காலையில செத்த காலேஜ், சாயங்காலம் உயிர் காலேஜ்." அந்த நாளில் இந்தப் பெயர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முதலாவது எழும்பூர் அருங்காட்சியகம். இரண்டாவது மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை.

எழும்பூரில் இறங்கி நடந்தே போனோம். பாடம் பண்ணிய மிருகங்களின் கண்ணாடிக் கண்கள், புட்டியில் சுருண்டு வெளுத்துப்போன பாம்புகள், மருந்து வாடை. எனக்குப் பயமாக இருந்தது. மங்களூர்க் கரையில் 1874இல் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் வந்ததும் தாத்தா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோயிலில்தான் அவர் அப்படிச் செய்வார். கல்லாக மாறிய மரத்தைப் பார்த்தபோது மட்டும் அவருக்கு ஏமாற்றம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம்ம திருவக்கரையில காலு வைக்கிற இடமெல்லாம் கிடக்குதே!" திருவக்கரைக் கல்மரங்களுக்கு வயது 2 கோடி ஆண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும்தான்.

சாயங்காலம் உயிர் காலேஜில் குரங்கைப் பார்த்ததும் காலையில் பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

போன மாதம் ஃப்ரீமாண்டிலிருந்து பேத்தியை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப்போனேன். கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் கலிஃபோர்னியா அகாதெமி ஆஃப் சயின்ஸஸ். கட்டடத்தின் கூரையே 2.5 ஏக்கர் தோட்டம். உள்ளே 87 அடி நீலத் திமிங்கில எலும்புக்கூடு. ஆப்பிரிக்கக் கூடத்தில் பாடம் செய்த விலங்குகளைப் பார்த்துக்கொண்டே போனால் கோடியில் பெங்குவின்கள் நீந்துகின்றன. பேத்தி என் கையை இழுத்தாள். "பாட்டி, இது மட்டும் ஏன் நகருது?"

அவளுடைய வயதில் நான் பார்த்த இரண்டு காலேஜும் இங்கே ஒரே கூரையின் கீழ். உண்மையில் சென்னையிலும் முதலில் அப்படித்தான் இருந்தன. 1851இல் எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கியபோது பொறுப்பேற்ற டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், சில ஆண்டுகளில் அதன் வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். பிறகுதான் அவை மூர் மார்க்கெட் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போயின. சான் பிரான்சிஸ்கோ அகாதெமி 1853இல் பிறந்தது. எழும்பூர்தான் மூத்தது.

1906 ஏப்ரல் 18இல் சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் உலுக்கியது, தீ பின்தொடர்ந்தது. மார்க்கெட் தெருவில் இருந்த அகாதெமியின் படிக்கட்டு இடிந்துவிட்டது. தாவரப் பிரிவைக் கவனித்துவந்த ஆலிஸ் ஈஸ்ட்வுட்டுக்கு அப்போது வயது 47. எஞ்சியிருந்த இரும்புக் கைப்பிடியைப் பற்றி ஆறாவது மாடிவரை ஏறினார். செடிகளின் மூல மாதிரிகளை அவர் முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்திருந்தார். நிலத்துக்கு மூலப்பத்திரம் போல, ஒரு செடிக்குப் பெயர் சூட்டும்போது சான்றாக வைக்கும் உருப்படி அது. அப்படி ஏறத்தாழ 1,500 மாதிரிகளைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார். மற்றதில் பெரும்பகுதி எரிந்தது. அவருடைய வீடும் எரிந்தது.

அந்த நேரத்தில் அகாதெமியின் பாய்மரக் கப்பல் ஒன்று கலாபகஸ் தீவுகளில் மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தது. நவம்பரில் அது 75,000க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு திரும்பியபோது, வைப்பதற்கு அருங்காட்சியகம் இல்லை. அவற்றில் ஃபெர்னாண்டினா தீவின் ராட்சத ஆமை ஒன்று. உயிரோடு இருந்ததைப் பிடித்துக் கொன்று கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அந்தத் தீவில் அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் ஆமை அகப்படவில்லை. அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். 2019இல் ஒரு பெண் ஆமை உயிரோடு அகப்பட்டது. அது அதே இனமா, வேறு தீவிலிருந்து வந்ததா? 1906இல் கொண்டுவந்த ஆமையின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே இனம்தான் என்று 2022இல் உறுதி செய்தார்கள். செத்த ஆமை, உயிரோடு இருக்கும் ஆமைக்குச் சாட்சி சொன்னது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'செத்த காலேஜ்' என்ற சொல் என் வாயில் வருவதில்லை. அகாதெமியில் இன்று ஏறத்தாழ 4.6 கோடி மாதிரிகள் இருக்கின்றன. நாம் சுற்றிப் பார்ப்பது அதில் ஒரு துளி. மற்றவை அலமாரிகளில் தம்மிடம் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருக்கின்றன. டில்லியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் ஒரே இரவில் எரிந்தபோது, இப்படிக் காத்திருந்தவைதான் சாம்பலாயின. கயிற்றில் இறக்க அங்கே ஓர் ஆலிஸ் ஈஸ்ட்வுட்டுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் எழும்பூருக்கு விருந்தாளிகளை அழைத்துப் போயிருக்கிறேன். அமராவதிச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், அத்தோடு வாசல். விலங்கியல் கூடங்கள் பக்கம் பல வருடங்களாகக் காலே வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நீலத் திமிங்கிலத்தைக் காட்ட இங்கே வரிசையில் நிற்கிற நாம், நம் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தை மறந்துவிட்டோம். பார்க்க ஆளில்லாத கூடத்தைப் பராமரிக்கவும் யாருக்கும் மனம் வராது.

டிசம்பரில் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு முற்பகலை எழும்பூருக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும், முடிந்தால் அவர்களின் தாத்தா பாட்டியையும் கூட்டிப்போங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.