தாத்தாவைச் சுடாதீர்கள்

கிள்ளான் அரச மாநகர் மன்றத்தில் காக்கை சுடும் பணியைக் கவனிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. வசந்தமே எட்டிப் பார்க்காத நம் ஊரில், விடியுமுன் தெருவையே எழுப்பிவிடும் குயிலை வைத்துத்தான் நாங்கள் வசந்தம் வந்ததாக நம்பிக்கொள்கிறோம். குயில் கூடு கட்டாது; காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பாட்டுக் கச்சேரிக்குப் போய்விடும். ஆக, தங்கள் ஆட்கள் மரத்தடியில் நின்று குறி பார்ப்பது எங்கள் குயிலின் செவிலித்தாயை.

அந்தச் செவிலியின் கோப்பைப் புரட்டிப் பார்த்ததுண்டா? அவள் அழையா விருந்தாளி இல்லை. 1890களில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழு பெருத்தபோது, அதைத் தின்று தீர்ப்பதற்கென்றே இலங்கையிலிருந்து வரவழைத்தார்கள். பிறகு காப்பி விலை விழுந்தது, ரப்பர் வந்தது. வேலைக்கு வந்த காக்கை ஊர் திரும்பவில்லை. பால்மரம் சீவ வந்து தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கேட்ட கதையாகத்தான் இருக்கிறது. ஒரே வித்தியாசம், குடியுரிமைக்கான நீல அடையாள அட்டைக்காகக் காக்கை வரிசையில் நின்றதில்லை.

காக்கை உத்தமி என்று வாதாட வரவில்லை. குண்டுக்கரிச்சான் முட்டையையும் தேன்சிட்டுக் குஞ்சையும் கூசாமல் தூக்கிப் போகும். இந்த மண்ணின் பறவைகள் பிழைக்க வேண்டுமானால் காக்கை குறையத்தான் வேண்டும். ஆனால் அதற்குச் சோறு போடுவது யார்? அமாவாசைக்கு நாங்கள் வைக்கும் ஒரு கைப்பிடி அதன் கடைவாய்க்கும் காணாது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையோ, பக் குட் தே கடையோ, பின்சந்தில் வாய் பிளந்து நிற்கும் குப்பைத்தொட்டிதான் மூன்று வேளையும் பந்தி பரிமாறுகிறது. இன்று நூறைச் சுட்டால் மிச்சமிருப்பவற்றுக்குப் பங்கு கூடும். பங்கு கூடினால் குஞ்சும் கூடும். அடுத்த வருடமும் தோட்டா வாங்கலாம். காக்கை வளர்ப்புக்கு இதைவிட நல்ல திட்டத்தை எந்த மாநகரமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பணிவான மூன்று கோரிக்கைகள்:

ஒன்று, அமாவாசையன்று சுட வேண்டாம். தாத்தா சாப்பிட வந்திருப்பார். அவர் ஏற்கெனவே ஒருமுறை செத்தவர்.

இரண்டு, கூட்டைக் கலைக்குமுன் முட்டைகளிடம் அடையாள அட்டை கேளுங்கள். உள்ளே குயில் இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் அம்மா பெயர் என்ன எழுதுவது என்று பதிவிலாகா முடிவு செய்யும்வரை காத்திருங்கள்.

மூன்று, ஒரே ஒரு வருடத்துத் தோட்டாச் செலவை இறுக மூடும் தொட்டிகளுக்குத் திருப்பிவிடுங்கள். மூடிக்கு உரிமம் வேண்டாம், சத்தம் வராது, குறி தவறாது. அதற்குப் பிறகும் மிஞ்சும் காக்கையைத் தாராளமாகச் சுடுங்கள். மூடி போட்ட ஊரில் சுட என்ன மிஞ்சுகிறது என்பதைத் தாங்களே எண்ணி, அடுத்த கூட்டத்தில் அறிக்கை வையுங்கள்.

இப்படிக்கு,
வாசல் வரியைத் தவணை தவறாமல் கட்டும்
ஒரு கிள்ளான்வாசி