குட்டி யானையும் எலுமிச்சம்பழமும்: வரிக்கழிவு பற்றிய முன்னோட்ட ஆய்வு

வரி பற்றி எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் முதல் அமர்விலேயே பிசிராந்தையாரின் யானை மேடையேறிவிடும். யானைக்குக் கவளமாகக் கொடு, வயலுக்குள் விடாதே என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அவர் சொன்ன யோசனை, 2019 பட்ஜெட் உரையில் நாடாளுமன்றம் வரைக்கும் போய்வந்தது. ஆனால் மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்கும் ராயக்கோட்டைக்கும் ஓடுகிற குட்டி யானையை எந்தப் பேராசிரியரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. 2005இல் டாடா ஏஸ் என்று பிறந்து, நம் ஊர்களில் இப்பெயர் பெற்ற அந்த வண்டியின் சொந்தக்கார ஓட்டுநர் எவற்றையெல்லாம் செலவில் கழிக்கலாம் என்பதே இவ்வாய்வின் பொருள்.

டீசல்: கழிக்கலாம். டயர்: கழிக்கலாம். இன்சூரன்ஸ், எஃப்.சி.: ஐயமில்லை. வழியில் கைமாறும் ஐம்பது, நூறு: ரசீது இல்லாததால் ஆய்வு மௌனம் காக்கிறது.

எலுமிச்சம்பழம்: சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆகியிருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கு நான்கு பழம். மூன்றை வண்டிக்காக நசுக்கிவிட்டு, நான்காவதன்மேல் ஏற்றும்போது மகளின் பிளஸ் டூ மார்க்கை நினைத்துக்கொண்டால் அந்தப் பழம் வீட்டுச் செலவு (டீக்கடைச் சுவர்க் கணக்கு, கரித்துண்டுப் பிரதி, 3ஆம் வரி). நினைப்பு எந்தச் சக்கரத்தில் வந்தது என்று ஓட்டுநரால் சொல்ல முடியாதபோது முன்சக்கரத்துக்கே முன்னுரிமை என்பர் ஒரு சாரார் (பஞ்சப்பள்ளி சாலைப் பஞ்சர்கடைப் பலகை, கிரீஸ் படிந்த பக்கம், மழையில் அழிந்த பகுதிக்கு உரையாசிரியர் ஊகம்).

அடுத்து, வண்டி எடுத்த அன்றைக்கு நசுங்கிய பழம். அது மூலதனச் செலவு என்று கொண்டால் தேய்மானம் கணக்கிட வேண்டும். வாடகைக்கு ஓடும் லாரிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. ஆகவே வண்டி எடுக்கிற ஆயுத பூஜை அக்டோபர் 3க்குள் வந்துவிட்டால் பழம் 30 சதவீதம் தேயும், தள்ளிப்போனால் 15தான். ஏற்கெனவே சப்பையாகிவிட்ட பழம் இன்னும் எப்படித் தேயும் என்று கேட்பவர்கள் வரிச்சட்டம் படிக்கத் தகுதியற்றவர்கள் (தார்ப்பாய்ச் சுவடி, இரண்டாம் மடிப்பு, மறுப்புக்குக் காண்க: அதே சுவடி, கிழிந்த மூலை, மறுப்பின் மறுப்பு கிளீனர் வசம் உள்ளது, அவர் ஊருக்குப் போயிருக்கிறார்).

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் அதே சட்டத்தின் 44ஏஇ பிரிவைப் புரட்ட நேர்ந்தது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் இதன்படி கணக்குக் காட்டலாம். சிறிய சரக்கு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று அரசே வைத்துக்கொள்ளும். ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி. டீசல், டயர், தேய்மானம் எல்லாம் அதிலேயே கழிந்துவிட்டதாகப் பொருள். எலுமிச்சம்பழமும் அதில் அடக்கம். 2014இல் வைத்த தொகை. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியது, 7,500 மாறவில்லை. ஆண்டுக்கு 90,000. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது.

இம்முடிவை வண்டி ஸ்டாண்டில் ஓர் ஓட்டுநரிடம் வாசித்துக் காட்டினேன். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே கேட்டார்.

"கொறைக்கிறது இருக்கட்டும்ண்ணா. ரெண்டாவது வண்டிக்கு லோன் போடணும், பேங்க்ல மூணு வருசத்து ஐ.டி.ஆர். கேக்குறாங்க. தொண்ணூறாயிரத்தப் பாத்தா எவன் குடுப்பான்? கூட்டிக் காட்ட வழி இருக்குதா பாருங்க."

இருக்கிறது. 7,500 அல்லது ஈட்டியதாக அவரே சொல்லும் தொகை, எது அதிகமோ அது என்கிறது அதே பிரிவு. தார்ப்பாய்ச் சுவடியில் இதுபற்றி ஒரு வரியும் இல்லை.