புதிய கோப்புறை (3): தரவுப் பகுப்பாய்வு பயிலுநரின் கோப்பு வைப்பு முறை பற்றிய ஓர் ஆய்வு

தரவுப் பகுப்பாய்வு பழகத் தொடங்கியவரின் கோப்புகள் கணினியில் கிடக்கும் விதத்தைக் கோப்புறை ஒழுங்கு என்பர். ஒழுங்கே இல்லாத நிலைக்கும் தனிப்பெயர் ஏற்படாததால் இக்கட்டுரை இரண்டையும் அப்பெயராலேயே குறிக்கிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பொருந்தக்கூடிய பயிற்சி ஒன்று, மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் போகவாரியான நெல் விளைச்சலை ஒப்பிடுவது. அதுவே இங்கு எடுத்துக்காட்டு.

பயிலுநர் மூன்று பள்ளியினராவர். முதற்பள்ளியினர் எல்லாவற்றையும் டெஸ்க்டொப்பில் பரப்புவர்; திரையின் பின்னணிப் படம் எதுவென்று அவர்களுக்கே மறந்திருக்கும். இரண்டாம் பள்ளியினர் வட்ஸ்அப்பில் வந்ததைப் பதிவிறக்கக் கோப்புறையிலேயே விட்டு, (1), (2), (3) என்று எண்ணிடும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைப்பர். மூன்றாமவர் இறுதிவாதிகள். ‘பைனல்’, ‘பைனல்2’, ‘உண்மையான பைனல்’, ‘பைனல் சேர் சொன்னது’ என இவர்களின் கோப்புகள் வளரும். இவற்றுள் ‘பைனல்’ என்பதே மிகப் பழையது என்பது மட்டுமே உறுதியாகச் சொல்லத்தக்கது. எண்ணிட்டாலும் முழுத் தீர்வில்லை. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரல்கள் 10ஐ 2க்கு முன் வைக்கும். 02 என்று எழுதினால் அச்சிக்கல் தீரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். 1988இன் ஐஎஸ்ஓ 8601 நியமம் அவ்வரிசையையே விதிக்கிறது.

நெல்லுக்கு வந்தால் சிக்கல் முற்றும். பெரும்போகம் ஒரு வருடத்தில் விதைத்து மறுவருடத்தில் அறுப்பது. ஆகவே அதை 2011/12 என்று எழுதுவது வழக்கம். சாய்கோட்டைக் கோப்பின் பெயரில் வைக்க வின்டோஸ் விடாது. கோப்புக்குள் வைத்தாலோ எக்செல் அதை 2011 டிசெம்பர் என்று வாசித்துவிடும். 2012/13 தப்பிக்கும், பதின்மூன்றாம் மாதம் இல்லாத ஒரே காரணத்தால். பார்ப்பதற்கென்று திறந்து, பழக்கத்தில் சேமித்து மூடினாலே சில போகங்கள் மாதங்களாகிவிடும். இத்தொல்லை உழவர்க்கு மட்டும் உரியதன்று: எக்செல் திகதியாக்கிய மரபணுக்கள் சிலவற்றுக்கு 2020இல் பெயரையே மாற்ற நேர்ந்தது.

எனவே முதல் விதி: வந்த தரவு வந்தபடியே ‘மூலம்’ என்ற கோப்புறையில், வாசிக்க மட்டும் என்ற பூட்டுடன் இருக்க வேண்டும். திருத்தங்கள் ‘நிரல்’ கோப்புறையிலுள்ள நிரலால் நடக்கும். அட்டவணையும் வரைபடமும் ‘விளைவு’ கோப்புறைக்குப் போகும். வேறு எந்த விதியை மீறினாலும் பொறுக்கலாம், இதை மீறினால் முடியாது.

நான்காவதாக ஒரு ‘குறிப்பு’ கோப்புறை இம்மாவட்டத்தில் கட்டாயம். 14 பிரிவுகளில் பத்து, மண்முனை அல்லது கோறளைப்பற்று என்ற இரு பெயர்களில் அடங்கியவை. திசை, பற்று முதலிய ஒட்டுகளே அவற்றைப் பிரிக்கின்றன. போதாதென்று மக்கள் மண்முனை மேற்கை வவுணதீவு என்றும், கோறளைப்பற்று வடக்கை வாகரை என்றும் சொல்வர். ஒரு கோப்பில் வவுணதீவும் இன்னொன்றில் மண்முனை மேற்கும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் நிரல் 15ஆவது பிரிவு ஒன்றைச் சத்தமின்றி உருவாக்கிவிடும். பெயர்ப் பொருத்தப் பட்டியலின் இடம் ‘குறிப்பு’ கோப்புறையே.

அடுத்தது கோப்பின் பாதை. டிரைவின் எழுத்தில் தொடங்கி, பயனரின் பெயர் வழியாக நீளும் முழுப்பாதையை நிரலில் எழுதியவரின் வேலை, வாவியின் குருமண்வெளித் துறையிலிருந்து புறப்பட்டும் மறுகரையிலுள்ள மண்டூரில் இறங்கவியலாத பயணம் போன்றது. அவருடைய கணினியைவிட்டு எங்கும் சேராது. திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையே போதும். வின்டோஸின் பழைய எல்லையான 260 குறிகளையும் இங்கு நினைக்க வேண்டும். ‘மட்டக்களப்பு’ எட்டெழுத்துச் சொல். யுனிகோட்டில் பன்னிரண்டு குறிகள். ஆறு கோப்புறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒவ்வொன்றிலும் மாவட்டப் பெயரை எழுதுவோர் இதைக் கணக்கில் கொள்வது நன்று.

இவ்வமைப்புக்கு முன்னோடிகள் உண்டு. வில்லியம் நோபிள் 2009இல் கணிப்பு உயிரியலாளருக்காக எழுதிய வழிகாட்டி, திட்டத்தை அறியாத ஒருவரும் கோப்புகளைப் பார்த்தே நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் சில மாதங்கள் கழிந்த அதே மாணவர்தான். அவருக்காகவே ‘என்னை வாசி’ என்ற சிறு கோப்பு: தரவு எங்கிருந்து, எந்த நாளில் வந்தது, எந்த நிரலை முதலில் ஓட்டுவது. இரண்டு பந்தி போதும்.

ஒழுங்கைச் சோதிக்க ஒரு வழியே உண்டு. ‘விளைவு’ கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டு நிரல்களை வரிசையாக ஓட்ட வேண்டும். திரும்பி வராத அட்டவணை எதுவும், யாரோ கையால் செய்து அங்கே வைத்தது. இச்சோதனையை ஒப்படைப்புக்கு முந்திய இரவில் நடத்துவதன் விளைவுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.