மண்ணரையில் ஒரு மரத்தரை

ஒரு பனியனை முழுதாகத் தன் கையால் செய்த மனிதர் என்று திருப்பூரில் யாரையும் காட்ட முடியாது. நூல் ஒருவர் வாங்குவார். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், கட்டிங் ஒருவர். பிறகு தையலுக்குப் பவர்டேபிள். அங்கே ஓவர்லாக் அடிப்பவர் பேட்லாக் மெஷினில் உட்காரமாட்டார். டைலருக்குத் துணி எடுத்துக் கொடுக்கக் கைமடி என்று ஓர் ஆள், பிசிறு நூல் வெட்ட ஓர் ஆள், செக்கிங்குக்கு, அயர்னிங்குக்கு, பேக்கிங்குக்கு ஆளாளுக்கு ஓர் ஆள். எல்லாம் ஜாப் வொர்க். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் காதில் வந்து, "இந்தத் தரையை நீங்களே போட்டுக்கலாம் சார், ஆளே வேண்டாம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் என்ன தோன்றும்? ஆள் கிடைக்காத ஊரில் கண்டுபிடித்த சரக்கு என்றுதான் தோன்றும்.

விசாரித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. கடைக்காரர் சொன்ன அந்த லேமினேட் மரத்தரை பிறந்தது ஸ்வீடனில், 1977-இல். பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் மேஜைக்கும் சமையல் மேடைக்கும் ஒட்டுகிற தகடு செய்துகொண்டிருந்தது. நம் ஆசாரிகள் மைக்கா என்கிறார்களே, அந்த வகை. மேலே ஒட்டுவதைக் கீழே போட்டால் என்ன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பெர்கோ என்று பெயர் வைத்து விற்றார்கள். ஆரம்பத்தில் பசை தடவித்தான் பலகைகளைச் சேர்த்தார்கள். 1990-களின் பின்பாதியில் ஸ்வீடனின் வாலிங்கேயும் பெல்ஜியத்தின் யூனிலினும் பசையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் காடி விளிம்பைக் கொண்டுவந்தன. அந்தக் காடி யாருடையது என்று கோர்ட்டுக்கும் போனார்கள். வரப்புச் சண்டை எல்லா ஊரிலும் உண்டு.

அந்தக் காடிக்கு அவ்வளவு மதிப்பு வரக் காரணம் கூலி. ஒரு தச்சரை ஒரு நாள் வீட்டுக்கு வரவழைத்தால் பலகை விலையை எட்டிவிடும் தேசத்தில், சனிக்கிழமை பெட்டியை வாங்கி ஞாயிற்றுக்கிழமை தானே தட்டிப் போட்டுக்கொள்கிறவன் புத்திசாலி. நாம் அவர்களுக்குப் பனியன் அனுப்புகிறோம். அவர்கள் நமக்கு இந்த யோசனையை அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் வீடு திருப்பூர் மண்ணரையில். கீழே பவர்டேபிளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், மேலே நாங்கள். மாடியில் பால்கனியை ஒட்டிய அறைக்கு மரத்தரை போட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. நான் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். காஸ்டிங் போடாமல் காபிகூடக் குடிக்காத ஜாதி. உட்கார்ந்து போட்டேன்.

கடைக்காரர் சொன்ன கணக்கில் பலகை சதுர அடி நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஆளை வைத்துப் போட்டால் கூலி சதுர அடிக்குப் பதினைந்து. ஆக, நானே போட்டால் மிச்சம் 1800 ரூபாய். இதில் வளைத்து வெட்டுகிற ஜிக்சா மெஷின் ஒன்று வாங்க வேண்டும். சுமாரானதே ஏறக்குறைய அந்த விலை. பலகையின் காடி நசுங்காமல் தட்டுவதற்கு ஒரு கட்டை, சுவரோரம் கடைசிப் பலகையை இழுத்து மாட்ட ஒரு கொக்கி இரும்பு, இடைவெளிக்கு வைக்கும் ஆப்புகள். எல்லாம் சேர்த்தால் மிச்சம் போய்க் கைக்காசு கரைகிறது. கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஊரில் ஞாயிற்றுக்கிழமையின் விலையை எந்த காஸ்டிங் ஷீட்டிலும் போட முடியாது. அது கறிக்கடைக்கும் தூக்கத்துக்கும் எழுதிக்கொடுத்த நாள்.

"ஏனுங்க, காசுக்கா சொன்னேன்? நாமளே போட்டோம்னா ஒரு சந்தோஷந்தானுங்களே" என்றாள் மனைவி. 'நாமளே' என்ற சொல்லில் எந்தப் பாதி வேலை செய்யும் என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

சாம்பிள் பலகை ஒன்று வீட்டுக்கு வந்தது. எட்டு மில்லிமீட்டர் கனம். குறுக்கே பார்த்தால் நாலு அடுக்கு. அடியில் பலகை வளையாமல் இருக்க ஒரு தாள்; நடுவில் மரத்தூள் நாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப்.; அதன்மேல் தேக்கு மாதிரி அச்சடித்த காகிதம்; மேலே மெலமைன் பிசினில் அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சு. எமரி தாளில் இருக்கும் அதே சரக்குதான், தேயாமல் காப்பாற்றுகிறது. அதாவது நாம் மிதிக்கப்போவது தேக்கை அல்ல, தேக்கின் போட்டோவை. பிரிண்டிங் போட்டே பிழைக்கிற ஊரில் இதைப் பெரிய மோசடி என்று சொல்ல வாய் வரவில்லை. தேய்மானத்துக்கு ஏசி 3, ஏசி 4 என்று தரம் உண்டு. வீட்டுக்கு மூன்று போதும், கடை கண்ணிக்கு நான்கு என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஹாலிலிருந்து, "தரைக்கெல்லாம் ஏசி போட்டா கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்றார்.

அளவெடுக்க மாமா வந்தார். மனைவியின் தாய்மாமன். முப்பது வருஷக் கட்டிங் மாஸ்டர். இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பிறந்தவர்.

"வேஸ்டேஜு எவ்வளவு போட்டிருக்கற மாப்ள?"

"பத்து பர்சன்ட்டுங்க மாமா."

"கை, கழுத்துன்னு வளைச்சு வெட்டற எனக்கே பதனஞ்சுல நிக்குது. சதுர ரூமு, சதுரப் பலகை, இதுக்கு எதுக்குப் பத்து?"

சொல்லிவிட்டு டேப்பை விரித்தார். பால்கனிப் பக்கச் சுவரை அளந்தார், எதிர்ச்சுவரை அளந்தார், மறுபடி பால்கனிப் பக்கம் வந்தார். முகம் மாறியது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். "மாப்ள, இது ரூமில்ல, ராக்லான் கை" என்றார். கடைசி வரிசையில் ஒவ்வொரு பலகையையும் சாய்வாகக் கிழித்துத்தான் போட வேண்டும். பத்து பர்சன்ட் அப்ரூவல் ஆனது.

அடுத்து, சுவரைச் சுற்றி எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், அதை ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும் என்று சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார். மாமாவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. காட்டன் துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்கு ஐம்பது சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளந்த பிறகே பேட்டர்ன் போடுகிற மனிதர் அவர். துணி சுருங்கும், இது ஊதும்; இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்குவதுதான் தொழில். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக் காய்ந்து கிடக்கும் பலகை, ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து நீளும். இடம் இல்லாவிட்டால் நடுவில் முதுகைத் தூக்கும். அதனால்தான் பெட்டியைப் பிரிக்காமல் அறைக்குள் 48 மணி நேரம் கிடத்தி வைக்கச் சொல்கிறார்கள். "துணிய ரோல் பிரிச்சு ரிலாக்ஸ் உட்ற மாதிரிதான்" என்றார் மாமா. அவரளவில் ஸ்வீடன்காரன் பாஸ்.

தரை மட்டம் பார்க்கும் இடத்தில்தான் கதை திரும்பியது. இரண்டு மீட்டர் நீளத்துக்குள் ஏற்ற இறக்கம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் விதி. போனால் பலகை நடக்க நடக்கத் தொய்யும், காடி உடையும். வீடு கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டேன். மட்டப்பலகையை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரேயடியாக ஓரத்துக்கு ஓடியது. அவர் முகத்தில் கவலை வரும் என்று பார்த்தால், பெருமை வந்தது.

"நான் வெச்ச வாட்டமுங்க. எட்டு வருஷமாச்சு, அப்படியே நிக்குது பாருங்க. எந்த மூலைல ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனாலும் நேரா பால்கனி ஓட்டைக்குத்தான் போவும்."

"இப்ப அது மட்டமா வேணுமுங்க."

"மட்டமா இருந்தா தண்ணி எங்கீங்க போவும்?"

இந்தக் கேள்விக்கு, தரை போடுவது எப்படி என்று நான் பார்த்த எந்த வீடியோவிலும் பதில் இல்லை. அந்த வீடியோக்களில் வருகிற வீடுகளில் தரையில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மாப்பை நனைத்து, பிழிந்து, தடவுகிறார்கள். அவர்கள் தரை மட்டமாக இருப்பதற்கும் நம் தரை சரிவாக இருப்பதற்கும் கொத்தனாரின் கைத்திறன் காரணமில்லை. நம் ஊரில் தரை என்பது கழுவுவதற்கு. சாணி மெழுகிய காலம் போய், காவி போட்ட சிமெண்ட் வந்து, மொசைக் வந்து, கடப்பா வந்து, டைல்ஸ் வந்து, இத்தனை மாறியும் கொத்தனார்கள் அந்த வாட்டத்தை மட்டும் விடவில்லை. அதை மட்டமாக்க சிமெண்ட் கலவை ஊற்றிச் சமப்படுத்தலாம். அதற்கு ஆகும் செலவு நான் மிச்சம் பிடிக்க நினைத்த கூலியைப் போல் சில மடங்கு. கனம் வேறு ஏறும். எட்டு மில்லிமீட்டர் பலகை, அடியில் இரண்டு மில்லிமீட்டர் ஃபோம், அதற்கடியில் கலவை. கதவு திறக்காது. கதவைக் கழற்றி அடியில் இழைக்க ஆசாரி. நானே செய்வதாகக் கிளம்பிய வேலைக்கு அதற்குள் கட்டிங் மாஸ்டர், கொத்தனார், ஆசாரி என்று மூன்று டிபார்ட்மென்ட் வந்துவிட்டது. எனக்கு மிச்சம் இருந்தது கைமடி வேலை.

அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். எங்கள் பக்கம் மாநகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற நாள் வீட்டுக்கு ஒரு விசேஷம். தொட்டி, சின்டெக்ஸ், அண்டா, குடம் எல்லாம் நிரம்பிய பிறகும் குழாயில் வருகிறது என்றால் அம்மாவுக்குக் கை அரிக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஹாலில் ஆரம்பித்து மாடிப்படி வரை விளக்குமாறால் தள்ளிக்கொண்டே போவார். கீழே பவர்டேபிளிலிருந்து பறந்து வருகிற பஞ்சுத் தூசி மூலைக்கு மூலை வெள்ளையாகப் படிந்திருக்கும். அது துடைத்தால் உருளும், கழுவினால்தான் போகும் என்பது அவர் கட்சி. போகிக்கு, ஆயுத பூஜைக்கு, அமாவாசைக்கு என்று தனிக் கழுவல்கள் உண்டு.

"இதுல தண்ணி ஊத்தக்கூடாதும்மா. இணைப்புல தண்ணி நின்னா உள்ளார மரத்தூளு ஊறி ஓரம் பூரிச்சுக்கும். காஞ்சாலும் பழையபடி எறங்காது."

அம்மா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, தண்ணி ஊத்திக் கழுவக் கூடாதுன்னா அது ஊடா, பீரோவா?"

தண்ணீருக்கு அசையாத ரகமும் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த எஸ்.பி.சி. பலகை, அதுவும் கிளிக் பூட்டுதான். பலகை ஊறாது, வாஸ்தவம். ஆனால் வாளி வாளியாக ஊற்றினால் சுவரோர இடைவெளி வழியாகத் தண்ணீர் அடியில் இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். அதற்கும் மட்டமான தரை வேண்டும் என்பதால் கொத்தனாரின் வாட்டம் அங்கேயும் குறுக்கே நிற்கிறது. மரத்தூள் பலகைக்குக் கூடுதலாக ஒரு விருந்தாளியும் உண்டு: கரையான். தேக்கின் போட்டோவை அது சீந்தாது. அடியில் இருக்கிற எச்.டி.எஃப்.பை விடாது.

ஆக, முடிவு. பால்கனி அறைக்கு மரத்தரை இல்லை. டைல்ஸே இருக்கட்டும், கொத்தனார் மானமும் அம்மா வாளியும் பிழைத்துப் போகட்டும். மகள் படிக்கிற உள்ளறைக்குப் போடுகிறோம். அது சின்னது, வாட்டம் இல்லாதது, தண்ணீர் வாளி அந்தப் பக்கம் போவதில்லை. கதவும் அங்கே தரைக்கு அரை அங்குலம் மேலேதான் நிற்கிறது. அந்த அறையை நானே போடப்போகிறேன். அளவு மாமா எடுப்பார், சாய்வுப் பலகையை அவரே குறித்துக் கொடுப்பார், தட்டுவது நான். காசு மிச்சம் ஆகாது. மனைவி சொன்ன சந்தோஷத்துக்காகத்தான்.

நீங்களும் யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் அறையின் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓடினால் டைல்ஸ். நின்றால் பலகை போடலாம். காடி சுலபம்தான், பொறுமையாகத் தட்டினால் யாருக்கும் வரும். ஆனால் நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது துடைக்கத் துணி எடுக்காமல், தள்ளி விடுவதற்கு விளக்குமாறை எடுத்து வந்தால், மறுபேச்சு வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் டைல்ஸ்தான்.