சர்வருக்கொரு திருப்பள்ளியெழுச்சி

கணினித் துறையை நம்பி வாழும் மனிதருள், யூனிக்ஸ் வகைச் சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின் தனி இனத்தைச் சேர்ந்தவர். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடம் அவருக்கு அச்சம் இல்லை. புகைந்து அணைந்துபோன சர்வரிடமும் இல்லை, ஏனெனில் அதற்குப் பதில் புதிது வாங்க நிர்வாகம் கையெழுத்திட்டே தீரவேண்டும். நல்ல நிலையில் உள்ள சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கும்படி சொன்னால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும். ‘அப்டைம்’, அதாவது சர்வர் கடைசியாக இயக்கப்பட்டது முதல் இடையறாது ஓடிய காலம், இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டதென்று அவர் சக ஊழியரிடம் சொல்லும்போது அதில் பெருமை பாதி. நிறுத்தினால் எழுந்திருக்குமா என்ற ஐயம் மீதி. பழைய 32 பிட் லினக்ஸ் இந்தக் காலத்தை நொடிக்கு 100 துடிப்பு என்று எண்ணிவந்ததால், ஏறத்தாழ 497 நாளில் எண்ணிக்கை நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். சர்வருக்கு ஒன்றுமே நேராத அந்த நாளில் அட்மின் மட்டும் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. சர்வர் விழித்தெழுவது ஒரே செயல்போலத் தோன்றினாலும், அது கைமாறிக் கைமாறி நடக்கும் வேலை. மின்சாரம் வந்தவுடன் பலகையில் பொதிந்துள்ள சிறு நிரல் நினைவகத்தையும் சாதனங்களையும் சோதித்துவிட்டு, வட்டில் இருக்கும் ‘பூட் லோடர்’ என்னும் ஏற்றியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஏற்றி, இயங்குதளத்தின் கருவாகிய ‘கெர்னலை’ நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. கெர்னல் சாதனங்களை இனங்கண்டு, மூலக் கோப்பமைப்பை இணைத்து, 1 என்ற எண்ணுடைய முதல் செயல்முறையாகிய ‘இனிட்’டை எழுப்ப, அது மற்றெல்லாச் சேவைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புகிறது. பெருமாளுக்குப் பாடும் பள்ளியெழுச்சியில் எழுந்தருளும்வரை பாடிக்கொண்டே இருக்கலாம். இங்கோ ஏதாவது ஓரிடத்தில் பாட்டு நின்றுபோனால், எந்த அடியில் நின்றது என்று கண்டுபிடிக்கும் கடமை அட்மினுடையது. பல அலுவலகங்களில் ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுவதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், அவ்வழக்கத்தை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கத் தோன்றாது.

சர்வர் பாதியில் நின்றதும் அட்மின் திரையின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, “இதுதான் சார் பிரச்சினை” என்று அறிவிக்கிறார். இளம் அட்மினுக்கும் முதிர்ந்த அட்மினுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் புலப்படும். பெரும்பாலும் அந்தக் கடைசி வரி, தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு முடித்தேன் என்று அறிவித்த நிரபராதியின் வாக்குமூலம். வழிமறித்து உட்கார்ந்திருப்பது அதற்கு அடுத்து வரவேண்டியது, அது இன்னும் வாயே திறக்கவில்லை. இளையவர் நிரபராதியை இரண்டு மணிநேரம் குடைவார். முதிர்ந்தவரோ, செய்திகளைத் திரையில் காட்டாமல் மறைக்கும் ‘குவையட்’ என்ற சொல்லைப் பூட் லோடரின் கட்டளை வரியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இயக்கி, கைகட்டி வேடிக்கை பார்ப்பார். இதற்கிடையே மேலாளர் கதவைத் திறந்து, “என்னப்பா, ஆச்சா?” என்பதும், “பத்தே நிமிஷம் சார்” என்று இவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வதும் நிகழும். இந்தப் பத்து நிமிடம் கடிகாரத்தைச் சார்ந்த அளவன்று. அதன் நீளத்தை அறிய முயன்ற மேலாளர்கள் பதவி உயர்வு பெற்று வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

நின்றுபோனதையும் மெதுவாகப் போவதையும் பிரித்தறிவது இத்தொழிலில் பாதி ஞானம். மின்னஞ்சல் அனுப்பும் பழைய ‘சென்ட்மெயில்’ நிரல், தான் குடியிருக்கும் சர்வரின் முழுப்பெயர் என்னவென்று விசாரித்து விடை கிடைக்காவிட்டால், ஒரு நிமிடம் உறங்கிவிட்டு மறுபடி விசாரிக்கும். தன் பெயர் தெரியாத துயரத்தில் அது மௌனமாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், பொறுமையற்ற அட்மின் மின்பொத்தானை அழுத்தி, கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். கோப்பமைப்பைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ பெரிய வட்டில் ஓடும்போதும் அப்படித்தான்: வட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்காமல் மின்சாரத்தைத் துண்டிப்பவருக்கு, அடுத்த முறை சரிபார்க்க உண்மையாகவே ஏதாவது கிடைக்கும். 2010இல் அறிமுகமான ‘சிஸ்டம்டி’ என்னும் புதிய தொடக்க நிரல் இந்தக் குழப்பத்தைக் குறைக்க எண்ணி, எந்தச் சேவைக்காகக் காத்திருக்கிறோம் என்பதையும் கழிந்த நொடிகளையும் காட்டுகிறது. பொதுவாக ஒன்றரை நிமிடத்தில் கைவிட்டு மேலே செல்கிறது. சேவைகளை எழுப்பிவந்த பழைய ஷெல் ஸ்கிரிப்டுகளில் ஊறிய அட்மின் இந்த உதவியை மன்னிக்கவே இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம், நின்றுபோன சர்வரின் என்டர் விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று நகைத்து வந்தனர். ஆனால் மறைகுறியாக்கத்துக்குத் தேவையான தற்செயல் எண்களை லினக்ஸ் கெர்னல், விசைகள் தட்டப்படும் நேர இடைவெளி போன்ற கணிக்க முடியாத நிகழ்வுகளிலிருந்து திரட்டுகிறது. இப்படித் திரட்டியது போதாமல் தொடக்கத்திலேயே சர்வர்கள் காத்துநின்ற சிக்கல் 2019இல் பரவலாகப் பேசப்பட்டபோது, விசைப்பலகையைத் தட்டினால் சர்வர் எழுந்திருக்கும் என்பது மெய்யானது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 5.4 பதிப்பில் கெர்னல் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. அட்மின் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஆனால் பெருவாரியான வழக்குகளில் குற்றவாளி வேறு. தொடக்கத்தின்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில், இன்னொரு சர்வரின் வட்டை வலைப்பின்னல் வழியாக இணைக்கும் ‘என்எஃப்எஸ்’ வரி ஒன்று இருக்கும். அந்த இன்னொரு சர்வர் பதில் தராதவரை, பல பழைய அமைப்புகளில் இது விடாமல் கேட்டுக்கொண்டே நிற்கும். இரு சர்வர்கள் ஒன்றின் வட்டை மற்றது இணைக்குமாறு அமைத்துவிட்டால், மின்தடை நீங்கி இரண்டும் ஒரே நேரத்தில் எழும்போது, பந்தியில் “நீங்க உட்காருங்க”, “இல்ல, நீங்க முதல்ல” என்று இரு சம்பந்திகள் நின்றபடியே இருப்பதைப்போல, ஒன்றையொன்று எதிர்பார்த்து விடியவிடிய நிற்கும். இணைப்பைப் பின்னணியில் முயலச் சொல்லும் ‘பிஜி’ என்ற ஈரெழுத்துக் குறிப்பு இதற்கென்றே உண்டு.

இந்த வரி என்று சேர்ந்தது என்பது இரண்டு ஆண்டு அப்டைமின் அடியில் புதைந்துகிடக்கும். ஓடும் சர்வரில் வட்டைக் கையாலேயே இணைத்துக் காரியம் முடிந்துவிட்டதால், கோப்பில் எழுதிய வரி சரியா என்று சோதிக்கும் வாய்ப்பு இந்த மறுதொடக்கம்வரை வரவே இல்லை. அடிப்படைச் சேவைகள் மட்டும் இயங்கும் ஒற்றைப் பயனர் நிலையில் உள்ளே புகுந்து கோப்பைத் திறக்கும் அட்மின், “யாருய்யா இதைப் போட்டது?” என்று உரக்கக் கேட்கிறார். வரிக்கு மேலே இருக்கும் குறிப்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும், ‘தற்காலிகம்’ என்ற சொல்லும் காணப்படுகின்றன. அறையில் வேறு யாரும் அதைப் படித்தார்களா என்று சுற்றும் பார்த்துவிட்டு, வரியின் முன்னால் ஒரு # குறியிட்டு அதைச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் மீண்டும் ‘தற்காலிகம்’ என்றே எழுதுகிறார். சர்வர் எழுந்துவிடுகிறது. மேலாளருக்குப் போகும் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘நெட்வொர்க் கோளாறு’ என்று பதிவாகிறது. நெட்வொர்க் பிரிவினர் அதை மறுத்து எழுதும் கடிதத்துக்கு அவர் பதில் அனுப்புவதில்லை.