டெராஃப்ளாப்பை வைத்து விளையாட முடியுமா?

கேள்வி: பையன் கேம் கன்சோல் கேட்கிறான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ மூன்றில் எது நல்லது என்றால், கடைக்காரர் வேகத்தை அளக்கும் டெராஃப்ளாப் கணக்குச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: சட்டியின் கனத்தைப் பார்த்து பஜ்ஜியின் ருசியைச் சொல்ல முடியாது. முதலில், என்னென்ன ஆட்டம் வேண்டும் என்று பையனிடம் எழுதி வாங்குங்கள்.

பெட்டியை விற்பது ஆட்டங்கள்தான். 1980-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆடுவதற்கென்றே அமெரிக்காவில் ஜனங்கள் அட்டாரி கன்சோல் வாங்கினார்கள். 1997-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’, நின்டெண்டோவின் கேட்ரிட்ஜில் இடம் போதாமல், சிடி போடும் பிளேஸ்டேஷனுக்குக் குடிபெயர்ந்தது. ரசிகர்களும் மூட்டை கட்டினார்கள். சேகாவின் டிரீம்காஸ்ட் அருமையான பெட்டிதான்; ஆனால் ஸ்போர்ட்ஸ் கேம்களில் கொடிகட்டிப் பறந்த இஏ நிறுவனம் அதற்கு ஒரு ஆட்டமும் செய்து தரவில்லை. 2001-இல் டிரீம்காஸ்ட் கடையைக் கட்டியது.

இப்போது, ஒரு ஆட்டம் ஒரு பெட்டிக்கு மட்டும் என்ற வேலிகள் சரிகின்றன. எக்ஸ்பாக்ஸின் செல்லப்பிள்ளை ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025-இல் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டது. நின்டெண்டோ மட்டும் இன்னும் கறார்: மரியோ கார்ட்டும் ஸெல்டாவும் வேண்டுமென்றால் அதன் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

டிஸ்க் போடும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பழைய டிஸ்க்கை மலிவாக வாங்கலாம், ஆடி முடித்ததும் விற்கலாம்.

பையனின் பட்டியலில் மைன்கிராஃப்ட்டும் ஃபோர்ட்நைட்டும் மட்டும்தானா? இரண்டும் மூன்றிலுமே ஓடும். விலை குறைந்ததை வாங்குங்கள்; மிச்சப் பணம் பற்றி மட்டும் வீட்டில் மூச்சு விடாதீர்கள்.