பக்க எண், வரி எண், வலி

மருத்துவ வழிகாட்டி நெறி ஒன்றைத் திருத்தும்போது நோயாளர் தரப்பிலும் சான்று கேட்பது இப்போது வழக்கம். பிரித்தானியாவில் அத்தகைய நெறிகளை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனம் இதற்குத் தரும் படிவத்தில் பக்க எண், வரி எண், கருத்து என்று கட்டங்கள் உண்டு. வலி உடம்பில் எங்கே என்பதல்ல, ஆவணத்தில் எந்த வரியில் என்பதே கேள்வி. நாட்பட்ட சோர்வு நோய்க்கு 2007இல் அந்நிறுவனம் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. செய்து பார்த்த பலர் படுக்கையில் விழுந்ததாகச் சொன்னார்கள். அது 'அனுபவம்' என்று ஒதுங்கியது. 2021 ஒக்ரோபரில் பரிந்துரை நீங்கியது. அனுபவம் சான்றாகப் பதவி உயர 14 ஆண்டு.

அத்தகைய படிவம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவுக்கு வந்தால் முதற்சிக்கல் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிணறுகள் பலவற்றில் உவர்நீர் ஊறும் தீவில், தேநீரோடு வயிற்றுக்குள் போகும் உப்பு எந்த வரியில் சேரும்? (கருவாட்டைப் பற்றி யாரும் கேட்காதிருப்பது நல்லது.) அடுத்தது, நோயாளி 'ஒத்துழைக்கவில்லை' என்ற பழைய குறிப்பு. தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. யாழ்ப்பாணத்துக் கிளினிக்கைத் தவறவிட்ட நாள் நோயாளியின் கிளினிக் கொப்பியில் வெற்றிடமாகும். சோளகக் காற்றுக்கு அதில் கட்டம் கிடையாது. தீவுப் பகுதியிலேயே உள்ள ஊர்காவற்றுறைக்குத் தரைவழி இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. நிரப்பிய படிவம் தபாலில் போகும், அதே படகில்.